குடிவருபவரிடம் குலம் கேட்பதா?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைபவரிடம் ‘மாதம் எவ்வளவு தர முடியும்?’ என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. முதலில் பெயர். பெயரில் பிடி கிடைக்காவிட்டால் அப்பா பெயர். அதிலும் தெளியாவிட்டால் சொந்த ஊர். ஊர் தெரிந்ததும், “ஊர்ல எந்தத் தெரு?” பதில் பிடிகொடுக்காமல் இருந்தால், “உங்க குலதெய்வம் எதுங்க?” நடுவே போகிற போக்கில், “நான்வெஜ் சமைப்பீங்களா?” தனியாக வேலை பார்க்கும் பெண் என்றால், “ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க, யாரெல்லாம் வந்துபோவாங்க?” இஸ்லாமியப் பெயர் என்றால் இத்தனைக்கும் அவசியமே இல்லை. “இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். டூலெட் பலகை மட்டும் அடுத்த மாதமும் அதே வாசலில் தொங்கும்.

இதை யாரோ நாலைந்து வீட்டுக்காரர்களின் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் மட்டுமல்ல, கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் இதுவே நடைமுறை. வீட்டுத் தரகர்கள் இதற்கென்றே குறிப்பு வைத்திருக்கிறார்கள்: இந்த வீடு ‘சைவம் மட்டும்’, அந்த வீடு ‘ஃபேமிலி மட்டும்’, மூன்றாவது வீடு ‘நம்மாளுங்களுக்கு மட்டும்’. நாளேடுகளின் வரி விளம்பரத்திலும் கைபேசிச் செயலியிலும் இதே நிபந்தனைகள் கூச்சமின்றி அச்சாகின்றன. வாடகைக்கு விடுவதற்கென்றே கடன் வாங்கி வீடு வாங்குபவர்கள், வாடகையை வாங்கும்போது வியாபாரிகளாகவும், ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சாதிச் சங்கத் தலைவர்களாகவும் நடந்துகொள்கிறார்கள். இந்த இரட்டை வேடத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கும் மாநில அரசையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

வீட்டு உரிமையாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த சாக்கு ஒன்று உண்டு. ‘ஒருமுறை ஆளை உள்ளே விட்டால் வெளியே அனுப்ப முடியாது, அதனால்தான் இவ்வளவு விசாரிக்கிறோம், இவ்வளவு அட்வான்ஸ் கேட்கிறோம்.’ 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் இந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் இருந்தது. நியாய வாடகை என்று நீதிமன்றம் நிர்ணயிக்கும் தொகை சந்தை வாடகைக்கு எட்டாத தொலைவில் இருந்தது. காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கு, போட்டவரின் மகன் காலத்திலும் நடந்தது.

அந்தச் சட்டம் இன்று இல்லை. அதன் இடத்தில் 2017ஆம் ஆண்டின் ‘தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம்’ வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய நியாய வாடகை முறை இதில் கிடையாது. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டதே வாடகை. பாக்கி வைத்தால், அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டால், இடத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், வாடகை நீதிமன்றத்துக்குப் போய்க் காலி செய்ய வைக்கலாம். உரிமையாளர்கள் கேட்டதெல்லாம் ஏறத்தாழ கிடைத்துவிட்டது. பயத்துக்கான காரணம் போன பிறகும் பயத்தைக் காட்டி வசூலித்த பணமும், பயத்தைக் காட்டிக் கேட்ட கேள்விகளும் மட்டும் ஏன் போகவில்லை?

முன்பணத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்று 11ஆவது பிரிவு சொல்கிறது. சென்னையிலோ ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பது இன்றும் சர்வசாதாரணம். மாதம் 20,000 ரூபாய் வாடகை என்றால் சட்டப்படி 60,000. கேட்பது 2 லட்சம். கூடுதலாக எடுத்துக்கொள்ளும் 1,40,000 ரூபாய்க்குக் குடியிருப்பவருக்கு ஒரு காசு வட்டி கிடையாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் இந்தப் பணத்தைக் கைமாற்றாகவும் வட்டிக்கும் வாங்கித்தான் வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார். அவர் வட்டி கட்ட, வீட்டுக்காரர் அந்தப் பணத்தை வைத்துத் தம் வீட்டுக் கடனின் தவணையை அடைக்கிறார்.

சட்டத்தை மீறி இது எப்படி நடக்கிறது என்றால், சட்டமே வழி விட்டிருக்கிறது. ‘இதற்கு மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்ற சொற்களோடுதான் அந்தப் பிரிவு தொடங்குகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவரிடம் பத்து மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்க எவ்வளவு நேரமாகும்? உச்சவரம்பை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் சட்டம் இது. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத முன்பணம் போதும் என்கிறது. ‘எல்லாவற்றிலும் முன்னோடி மாநிலம்’ என்று மேடைதோறும் முழங்குவோர், இந்த ஓட்டையை அடைக்க ஏன் ஒரு வரித் திருத்தம் கொண்டுவரவில்லை?

கொடுத்த முன்பணம் திரும்பி வரும் கதை அதைவிடக் கேவலம். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ‘அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுக்கட்டும், தருகிறேன்’ என்பது நடப்பு. அதிலும் ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகை கட்டாயம் பிடிக்கப்படும். சுவரில் ஒரு ஆணித் துளை இல்லாவிட்டாலும் பிடிக்கப்படும். பிடித்த பிறகு சுண்ணாம்புகூட அடிக்காமல் அடுத்தவருக்கு விடப்படும். சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. இது போதாதென்று, வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தை ஒரு ரசீதும் காட்டாமல் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறது. அரசிடம் பராமரிப்புக்கென்று கழிவு வாங்கிக்கொண்டு, குடியிருந்தவரிடம் வர்ணத்துக்கென்று பணம் பிடிப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

வருமான வரி என்றதும் இன்னொன்று. ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை கேட்கும் ஊழியர் உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். கேட்டுப் பாருங்கள். ‘பான் நம்பர் எல்லாம் தர முடியாது, வேண்டுமானால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் வரும். வாடகை ரொக்கமாக வேண்டும், ரசீது கேட்கக் கூடாது, ஒப்பந்தம் பதியக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. எழுதிக்கொடுக்க மறுத்தவர் உரிமையாளர். வீட்டை இழப்பவர் குடியிருப்பவர். இந்த அநீதியையும் அரசு கவனிக்கவில்லை.

பணத்தில் அடிக்கும் கொள்ளையைவிடக் கொடியது, ஆளை எடைபோடும் முறை. 1957இல் பெரியாரின் திராவிடர் கழகம் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் மறியல் நடத்தியது. உணவகப் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருக்கக் கூடாது என்பதே கோரிக்கை. அந்தச் சொல் பலகைகளிலிருந்து அழிந்தது. இதே மாநிலம் 1997இல் சமத்துவபுரம் திட்டத்தைத் தொடங்கியது. 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, இதரருக்கு 10 என்று பங்கிட்டு, எல்லாரையும் சுவரோடு சுவராகக் குடிவைத்தது. அப்படிப்பட்ட மாநிலத்தின் தலைநகரில், உணவகத்தில் அழிந்த சொல் டூலெட் பலகையில் குடியேறியிருக்கிறது. பலகையில் எழுதக் கூசுகிறவர்களின் வீட்டில் அது தொலைபேசிக் கேள்வியாக ஒலிக்கிறது.

‘என் வீடு, என் இஷ்டம்’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு யாரை விருந்துக்கு அழைப்பது என்பது உங்கள் இஷ்டம்தான். சந்தையில் விலை சொல்லிக் கொடுக்கும் வீடு அந்தக் கணக்கில் வராது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ ஒருவரைத் தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அதோடு அபராதம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையின் பேரிலேயே அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. ‘ஊரில் எந்தத் தெரு?’ என்று கேட்டுவிட்டு வீட்டை மறுப்பவர், தம் வாயாலேயே தமக்கெதிரான சாட்சியத்தை உருவாக்குகிறார். ஆனால் எந்தக் காவல் நிலையத்தில் இந்தப் புகாரை எடுத்துக்கொள்கிறார்கள்? ‘வேற வீடு பாரும்மா’ என்றுதான் அனுப்புகிறார்கள்.

இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் தனித்து வாழும் பெண்ணுக்கும் அசைவம் சமைப்பவருக்கும் இந்த அளவு காப்புகூட இல்லை. அரசியல் சாசனத்தின் 15ஆவது கூறு கடைகளிலும் பொது உணவகங்களிலும் மத, சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியார் வாடகை வீட்டை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அமெரிக்கா 1968இலேயே வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன, மதப் பாகுபாட்டைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் பிரிட்டனும் தன் இன உறவுச் சட்டத்தை வீட்டு வசதிக்கு நீட்டியது. அவ்வளவு தூரம் போவானேன்? எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும், திருநர்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும், வீட்டில் வசிக்கவும் வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் உள்ள உரிமையை மறுக்கக் கூடாது என்று நம் நாடாளுமன்றமே எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தை எடுத்து மாநில வாடகைச் சட்டத்தில் சேர்க்க எந்த நிபுணர் குழுவும் தேவையில்லை. வேலை பார்க்கும் பெண்களுக்கென்று ‘தோழி’ விடுதிகளைக் கட்டித் திறக்கும் அரசு, அந்தப் பெண்களுக்கு ஊரில் வீடு மறுக்கப்படுவதைத் தடுக்கவும் கடமைப்பட்டது.

சாதியும் மதமும் பார்த்து ஆள் எடுப்பவர்கள் தம்மைக் கெட்டிக்கார முதலீட்டாளர்கள் என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 80 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீடு மாதம் 20,000 ரூபாய் வாடகை தருகிறது என்றால், ஆண்டு வருமானம் 2,40,000. முதலீட்டில் 3 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த மெல்லிய வருமானத்தில், ‘நம்மாள்’ வரும்வரை இரண்டு மாதம் பூட்டி வைத்தால் 40,000 ரூபாய், அதாவது ஆண்டு வாடகையில் ஆறில் ஒரு பங்கு, போயே போய்விடும். சாதி வாடகை கட்டாது. கட்டுவது சம்பளம். வருபவரின் வேலை, வருமானம், முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் சொல்லும் நற்சொல், எத்தனை பேர் குடியிருக்கப்போகிறார்கள் என்ற எண்ணிக்கை, பதிவு செய்த ஒப்பந்தம்: ஆளைத் தேர்ந்தெடுக்க இவை போதும். கேட்க வேண்டிய இந்தக் கேள்விகளை விட்டுவிட்டுக் குலதெய்வத்தை விசாரிப்பவருக்கு, வாடகை வராத மாதத்தில் அந்தக் குலதெய்வம் வந்து தவணை கட்டுவதில்லை.

இடத் தேர்விலும் இதே பொறுப்பின்மைதான். விலை மலிவு, வேலை இடத்துக்குப் பக்கம் என்று ஏரிக்கரையிலும் சதுப்பு நில விளிம்பிலும் வீடு வாங்கிப் போடுகிறார்கள்; தாம் குடியிருப்பது மேட்டில். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வேளச்சேரியும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வட்டாரத்தில் மீண்டும் தரைத்தளங்களுக்குள் தண்ணீர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகளின் விளம்பரத்தில் அது ‘ஏரிக் காற்று’ என்ற வசதியாக மட்டுமே வருகிறது. தரைத்தளத்தை வாடகைக்கு விடும்போது, சுவரில் இடுப்பளவு உயரத்தில் இருந்த தண்ணீர்க் கறையின் மேல் புது வர்ணம் பூசப்பட்டிருக்கும். பெயின்டிங் சார்ஜ் உண்மையாகவே செலவாகும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத்தண்ணீர்தான் வரும், லாரித் தண்ணீருக்கு மாதாமாதம் தனிச் செலவு என்பதும் குடிவந்த பிறகே தெரியும். குடிவருபவரின் தலைமுறையையே தோண்டித் துருவுகிறவர், தம் வீட்டுக்குள் போன மழையில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று சொல்ல மாட்டார். இது மறைப்பு வேலை. மோசடி என்றே சொல்ல வேண்டும்.

எல்லா உரிமையாளர்களும் இப்படியா என்று கேட்பார்கள். இல்லை. ஓய்வூதியமில்லாத முதுமையில் ஒரு போர்ஷனை விட்டுச் சாப்பிடும் பெரியவர்கள் உண்டு. வாடகை பாக்கியோடு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப்போன குடியிருப்பாளர்களால் நொந்தவர்களும் உண்டு. அவர்கள் நஷ்டத்துக்கு வாடகை நீதிமன்றம் இருக்கிறது. மூன்று மாத முன்பணமும் அதற்காகத்தான் இருக்கிறது. ஒருவர் ஏமாற்றினார் என்பதற்காக ஊரிலுள்ள அவர் சாதிக்காரர், மதக்காரர் எல்லாருக்கும் கதவடைப்பது நஷ்டத்துக்குப் பரிகாரமாகாது.

எனவே நாம் கோருவது இவை. முதலாவதாக, முன்பணப் பிரிவிலுள்ள ‘மாறான ஒப்பந்தம்’ என்ற விதிவிலக்கை வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே நீக்க வேண்டும். இரண்டாவதாக, சாதி, மதம், பாலினம், திருமண நிலை, உணவு ஆகிய காரணங்களால் வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் புதிய பிரிவு சேர்க்கப்பட வேண்டும். வாடகைச் சட்டப்படி நியமிக்கப்படும் வாடகை அதிகாரியிடமே அதற்குப் புகார் கொடுக்க வழி வேண்டும். மூன்றாவதாக, அப்படிப்பட்ட நிபந்தனை கொண்ட விளம்பரத்தை வெளியிடும் பத்திரிகை, செயலி, தரகர் எவரானாலும் பொறுப்பேற்க வேண்டும். நான்காவதாக, ஒப்பந்தம் எழுதிப் பதிய மறுப்பதன் பழி உரிமையாளர்மேல்தான் விழும் என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவதாக, வெள்ள பாதிப்பையும் குடிநீர் நிலையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி வரும் புகார்களைப் பதிவு செய்யுமாறு காவல் நிலையங்களுக்கு உத்தரவிடச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

வீடு தேடுவோர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ரசீது கேளுங்கள். எழுத்து ஒப்பந்தமின்றிக் குடிபோகாதீர்கள். முன்பணத்தையும் வாடகையையும் வங்கி வழியாகவே செலுத்துங்கள். குலம் கேட்டு மறுத்தவரின் பேச்சையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்திப் புகார் கொடுங்கள்.

வீட்டு உரிமையாளர்களுக்குக் கடைசியாக: உங்களுக்குச் சேர வேண்டியது வாடகை. அதைக் கறாராகக் கேளுங்கள். தவறினால் நீதிமன்றம் போங்கள். அதற்கு மேல் ஒருவரின் பிறப்பையும் வழிபாட்டையும் அடுப்பையும் விசாரிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. அரசு இனியும் மௌனம் காத்தால், வீட்டு வாசல்களில் தொங்கும் சாதிப் பலகைகளுக்கு அரசே அனுமதி கொடுத்திருக்கிறது என்றுதான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள்.